ஓக்லஹோமாவின் சிற்றணைகள்

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், கார்டெல் நகருக்கு அருகே கிளவுட் கிரீக் என்ற ஓடையின் குறுக்கே 1948-இல் ஒரு மண் அணை எழுந்தது. 1944-ஆம் ஆண்டு வெள்ளத்தடுப்புச் சட்டத்தின் கீழ் கட்டப்பட்ட முதல் சிற்றணை அது. இன்று அந்த மாநிலத்தில் மட்டும் இத்தகைய அணைகள் 2,100-ஐத் தாண்டும். பெருமழை நீரைத் தேக்கி, குழாய் வழியே சிறிது சிறிதாக விடுவது இவற்றின் வேலை. மிஞ்சும் வெள்ளம் புல் வளர்த்த கலிங்கல் வழியே வெளியேறும்.

கட்டியதோடு வேலை முடிவதில்லை. கரையில் முளைக்கும் மரம் பார்வைக்கு அழகு, அணைக்குப் பகை. பட்டுப்போன மரத்தின் வேர் மட்கினால் அந்த வழியே நீர் கசியும். காற்றில் சாய்ந்தாலோ, கரை மண்ணையும் பெயர்த்துக்கொண்டு விழும். அதனால் மரக்கன்றுகளைச் சிறிதாக இருக்கும்போதே அகற்றி, புல்லை மட்டும் வளரவிடுகிறார்கள். அதையும் அவ்வப்போது வெட்டினால்தான் விரிசலும் வளையும் கண்ணில் படும். குழாய்வாயில் சேரும் குப்பையையும், நீர்நாய் போல நீரில் வாழும் பீவர்கள் அடுக்கும் குச்சிகளையும் நீக்க வேண்டும். கசிவு கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று பொருள், தாமதம் கூடாது.

இந்தப் பராமரிப்பு உள்ளூர் மண்வளப் பாதுகாப்பு அமைப்புகளின் பொறுப்பு. பல அணைகள் 50 ஆண்டு ஆயுளுக்கே திட்டமிடப்பட்டவை. வண்டல் சேர்ந்துவிட்டது, அன்று வெறும் வயலாக இருந்த கீழ்ப்பகுதியில் வீடுகளும் வந்துவிட்டன. எனவே 2000-இல் வந்த சட்டத் திருத்தம், பழைய அணைகளைப் புதுப்பிக்க மத்திய அரசின் நிதிக்கு வழிசெய்தது.