என் பாட்டனாரும் சிற்றலை வானொலியும்
(கரக்பூர், நமது சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

நான் மேடைப் பேச்சாளன் அல்லன். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலங் கழிப்பவன். குழந்தைகளுக்குப் பயன்படும்படி பொழுதுபோக்கைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசவேண்டும் என்று செயலாளர் கேட்டார். எனக்குத் தெரிந்த பொழுதுபோக்கு ஒன்றே ஒன்று, அதுவும் என்னுடையதன்று, என் தாத்தாவுடையது என்றேன். "அதையே பேசுங்கள்" என்று சொல்லிவிட்டார். குற்றங்குறை இருப்பின் அவரும் பொறுப்பாளி.

தாத்தா வாலாஜாப்பேட்டைக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தவர். 1948-ஆம் ஆண்டு, தமது இருபதாம் வயதில், இவ்வூருக்கு வந்து தொழிற்சாலையின் பாய்லர் ஷாப்பில் வேலைக்கு அமர்ந்தார். அன்று இது பெங்கால் நாகபுரி ரயில்வே. 1952-இல் கிழக்கு ரயில்வே ஆயிற்று. 1955-இல் தென்கிழக்கு ரயில்வே ஆயிற்று. "இருந்த இடத்தைவிட்டு நகராமலே மூன்று ரயில்வேயில் உத்தியோகம் பார்த்துவிட்டேன்" என்று வேடிக்கையாகச் சொல்லுவார்.

1954-இல் தவணை முறையில் ஒரு வால்வு ரேடியோ வாங்கினார். குவார்ட்டர்ஸின் கொல்லையில் இரண்டு மூங்கில்களை நட்டு, அவற்றின் நடுவே செப்புக் கம்பியை இழுத்துக் கட்டினார். தபால் ஆபீசில் ஆண்டுதோறும் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தைப் புதுப்பிக்க வேண்டும். எண்பதுகளில்தான் அந்தக் கட்டணம் ஒழிந்தது. மின்விசிறி இல்லாத வீட்டில் ரேடியோவா என்று அண்டை வீட்டார் நகைத்தார்களாம்.

அவர் ரேடியோ வாங்கியது நாகரிகத்துக்காக அன்று, தமிழ்க் குரலுக்காக. சென்னை வானொலி நிலையம் 1938-இலும் திருச்சி நிலையம் 1939-இலும் தோன்றியவை. ஆனால் மத்திய அலையில் வரும் ஒலி இவ்வளவு தொலைவு சரிவர எட்டாது. சிற்றலையின் தன்மை வேறு. அது மேல்நோக்கிச் சென்று, வெகு உயரத்தில் சூரியக் கதிர்களால் மின்னேற்றம் பெற்றிருக்கும் காற்றடுக்கில் பட்டுத் திரும்பி, நெடுந்தொலைவில் வந்து இறங்கும். பகலில் உயர்ந்த அதிர்வெண், இரவில் தாழ்ந்த அதிர்வெண் நன்றாக எடுக்கும். சூரியனிலுள்ள கரும்புள்ளிகள் சுமார் பதினோராண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறையும். அதற்கேற்ப ஒலியும் ஓங்கித் தாழும். மூன்றாம் வகுப்பு படித்த தாத்தா இவ்வளவையும் எனக்குத் தோசைக் கல்லையும் பந்தையும் வைத்து விளக்குவார்.

1952-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அகில இந்திய வானொலி சினிமாப் பாடல்களைத் தள்ளி வைத்தது. நேயர்கள் கூட்டங் கூட்டமாக இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினார்கள். 1957-இல் விவித பாரதி பிறந்ததற்கு அதுவே காரணம். எங்கள் வீட்டிலும் இந்தப் போராட்டம் உண்டு. பாட்டிக்குக் கொழும்பு, தாத்தாவுக்கு இலண்டன். 1941-இல் தொடங்கிய பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பை அவர் ஒரு நாளும் தவறவிட மாட்டார். 2017 ஏப்ரலோடு அந்த ஒலிபரப்பு நின்றுபோயிற்று. நல்ல வேளை, அதைக் காண அவர் இல்லை.

கேட்பதோடு அவர் நிறுத்தவில்லை. கேட்ட நிலையத்துக்கெல்லாம் அறிக்கை எழுதுவார். நாள், கிரீன்விச் நேரம், அலைவரிசை, ஒலிபரப்பான நிகழ்ச்சிகளின் விவரம், அதன்பின் ஐந்து எண்கள். ஒலியின் வலிமை, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்தத் தரம் ஆகிய ஐந்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். விவரம் சரியாக இருந்தால் நிலையத்தார் உறுதி அட்டை அனுப்புவார்கள். க்யூ.எஸ்.எல். அட்டை என்பார்கள். கோபுரமும் பனிமலையுமாக அச்சிட்ட அவ்வட்டைகள் பிஸ்கட் டின்களில் நிறைந்தன. உறைகளின் அஞ்சல் தலைகளை வெந்நீரில் ஊற வைத்துப் பிரித்தெடுப்பது எனக்குரிய வேலை.

ஒருநாள், "ஐந்துக்கு ஐந்து போடுங்கள் தாத்தா, மகிழ்ந்துபோய்க் காலண்டர் அனுப்புவார்கள்" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இரைச்சலை மறைத்துப் பொய் மார்க் போட்டால், அங்கே இருக்கிறவன் எப்படியடா குறையைத் திருத்துவான்?" என்றார். மூன்று பெறவேண்டிய இடத்தில் நான்கு போட்டவர் அல்லர் அவர்.

1986-இல் ஓய்வு பெற்றார். முப்பத்தெட்டு ஆண்டு பாய்லர்த் தகட்டில் ரிவெட் அடித்த ஓசை அவருடைய செவிகளைத் தின்றுவிட்டிருந்தது. நான் நான்காம் வகுப்புக்கு வந்தபோது ரேடியோவின் குரல் அவருக்கு அறவே எட்டவில்லை. ஆகவே நான் அவருடைய செவியானேன். பெட்டியருகே அமர்ந்து கேட்டு, அவருடைய வலக் காதில் உரக்கச் சொல்லுவேன். அவர் எழுதுவார். பிறகு கை நடுங்கவே எழுதும் வேலையும் என்னுடையதாயிற்று. இந்தியில் படித்த எனக்குத் தமிழெழுத்து அமைந்தது அந்த அறிக்கைகளில்தான். றகர ரகரம் பிழைத்தால் தாளைக் கிழித்துவிடுவார். இன்று நான் உங்கள்முன் எழுதி வைத்துப் படிக்கும் தமிழ் அவர் கிழித்த தாள்களிலிருந்து வந்தது.

இனிச் சொல்வதை இதுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

1993 நவம்பர் 24. கல்கத்தா ஈடன் தோட்டத்தில் இந்தியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் ஹீரோ கோப்பை அரையிறுதி ஆட்டம். கடைசி ஓவரை டெண்டுல்கர் வீசி, இரண்டே ஓட்டத்தில் வென்ற ஆட்டம், பெரியவர்களுக்கு நினைவிருக்கும். காலனிப் பிள்ளைகள் அனைவரும் அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியின் முன் கூடியிருந்தார்கள். எனக்கு வயது பன்னிரண்டு. வெளிநாட்டு நிலையமொன்றின் தமிழ் ஒலிபரப்பு தொடங்கும் நேரம். ஐந்து நிமிஷங்கூட நான் கேட்கவில்லை. "நெல் சாகுபடி பற்றி உரை, பிறகு புல்லாங்குழல், பிறகு நேயர் கடிதம்" என்று வாய்க்கு வந்ததைத் தாத்தாவின் காதில் கத்திவிட்டு ஓடிவிட்டேன். மறுநாள் அதையே அறிக்கையாக நானே எழுதினேன். அவர் கையொப்பமிட்டார். தபாலில் போட்டுவிட்டு வந்தேன்.

அதற்குப் பதில் வந்ததாக அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் மறந்துவிட்டேன். பின்னும் பல ஆண்டு வழக்கம்போல் நான் கேட்டுச் சொல்ல, அவர் தலையசைத்துக்கொண்டிருந்தார்.

1999-இல் அவர் மறைந்தபின் டின்களைத் திறந்தேன். அட்டைகளின் அடியில் ஒரு கடிதம். "தாங்கள் குறிப்பிட்டுள்ள நிகழ்ச்சிகள் அன்று எங்கள் நிலையத்தில் ஒலிபரப்பாகவில்லை. நாளைத் தவறாகக் குறித்திருக்கக் கூடும். மீண்டும் எழுத வேண்டுகிறோம்" என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். நாற்பதாண்டு அறிக்கைகளில் அவருடைய சொல்லுக்கு வந்த மறுப்பு அது ஒன்றுதான். அவருடைய குறிப்பு நோட்டைப் புரட்டினேன். 24-11-93 என்ற வரியிலிருந்த என் எழுத்தைச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டு, நடுங்கும் கையால் "கேட்கவில்லை" என்று எழுதியிருந்தார்.

ஒலி செவியில் விழவில்லை என்று எழுதினாரா, பேரனிடம் ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதினாரா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்த நிலையத்துக்கு மன்னிப்புக் கோரி ஒரு கடிதம் எழுதினேன். அதற்கு ஓர் அட்டை வந்தது. அது தாத்தாவுக்குச் சேர்ந்ததாகாது என்பதால் தனியே வைத்திருக்கிறேன்.

டின்கள் மூன்றையும் கூடத்தின் பின்புற மேசையில் வைத்துள்ளேன். குறிப்பு நோட்டும் இருக்கிறது. குழந்தைகள் எடுத்துப் பார்க்கலாம். அஞ்சல் தலைகளை மட்டும் பிய்க்க வேண்டாம்.