பட்டை தீட்டியது யார்?



"நடிப்பு கூடப் பிறந்தது, பயிற்சியால் வராது" என்று எதிரணி அம்மா அடித்துப் பேசிவிட்டுப் போனார். அவரைச் சேலத்துக்குக் கூப்பிடுகிறேன். ஏற்காடு சாலையில் ஒரு வளைவு நிற்கிறது. அதுதான் மாடர்ன் தியேட்டர்ஸ்! திருச்செங்கோட்டுக்காரர் டி.ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய ஸ்டுடியோ. தமிழ்ப்படம் எடுக்கக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ரயில் ஏறிய காலத்தில், தறிச்சத்தம் கேட்ட ஊரில் நூற்றுக்கும் மேலே படம் எடுத்தார்கள் ஐயா!

அங்கே கலைஞர்களுக்கு மாதச் சம்பளம். அப்படின்னா என்ன அர்த்தம்? இந்த மாசம் படம் இல்லேன்னாலும் வீட்டில் அடுப்பு எரியும். அடுப்பு எரிஞ்சாத்தானே ஒரு பொண்ணு நிம்மதியா வசனம் படிக்க முடியும்? 'நடிக்கப் போனவள்' என்று ஊரே ஏளனம் பேசிய காலம் அது!

மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்', 1938. எடுத்தது நம்ம சேலத்து சுந்தரம். கதாநாயகி எம்.கே. கமலம் நாடக மேடையில் பழகி வந்தவர்.

நம்ம மனோரமா ஆச்சியை எடுத்துக்குங்க. 1958இல் 'மாலையிட்ட மங்கை'யில் நகைச்சுவை வேடம். "இவங்க சிரிக்க வைக்கத்தான் லாயக்கு" என்று முத்திரை குத்தியாச்சு. 1963இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகி ஆக்கியது இதே மாடர்ன் தியேட்டர்ஸ்!

"ஆச்சிக்குத் திறமை இருந்ததே" என்பீர்கள். இருந்தது, யார் இல்லையென்றது? ஆனால் அந்தத் திறமை நாடக மேடையில் ராத்திரி ராத்திரியாக வேகவில்லையா? வைரம் மண்ணில்தான் பிறக்கிறது. பட்டை தீட்டாவிட்டால் அது கூழாங்கல்தானே!

இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம். எட்டாவது வரைக்கும் பாட்டுப் போட்டியிலே பரிசு வாங்கின பொண்ணு. பத்தாவது வந்ததும் நாமக்கல் பக்கம் ஹாஸ்டல், பாட்டுக்குப் பூட்டு! (சிரிப்பு) மார்க் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் அந்தக் குரலுக்கும் கொடுங்கள்.

"உங்க பொண்ணை ஸ்டார் ஆக்குறோம், பணம் கட்டுங்க" என்று வருபவனிடம் மட்டும் உஷார்! சேலத்தில் கலைஞருக்கு ஸ்டுடியோ சம்பளம் கொடுத்தது, கலைஞரிடம் வாங்கவில்லை. அந்த வித்தியாசம் தெரிந்தால் எந்தத் தாயும் ஏமாற மாட்டாள்.

திறமை கடவுள் கொடுத்த விதையாகவே இருக்கட்டும். தண்ணீர் ஊற்ற வேண்டியவர்கள் நாம்தான் என்று கூறி விடைபெறுகிறேன்.