சாட்சி சொல்லும் எண்கள்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நம் மக்கள் வேலை கேட்டு மறுக்கப்படும்போதெல்லாம், "தகுதி போதவில்லை" என்ற விடையே தரப்படுகிறது. தடுத்தது தகுதியா, சாதியா என்று பிரித்தறிவது எவ்வாறு? அதற்கு வழிகாட்டும் துறை புள்ளியியல்.

2005ஆம் ஆண்டு தொடங்கி 66 வாரங்கள், பேராசிரியர்கள் சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் ஓர் ஆய்வு நிகழ்த்தினர். தனியார் நிறுவனங்களின் 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. உயர்சாதிப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர் தாங்கிய விண்ணப்பங்கள், ஒத்த கல்வித் தகுதியுடன் ஒரே விளம்பரத்திற்குச் சென்றன.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. எளிய நேர்கோட்டுச் சமன்பாடு, ஒவ்வொரு விண்ணப்பமும் மற்றொன்றைச் சாராதது என்று கொள்கிறது. ஆனால் ஆள் மிகத் தேவைப்படும் நிறுவனம் பலரை அழைக்கும். மற்றொன்று எவரையுமே அழைக்காது. ஆகவே ஒரே நிறுவனத்திற்குச் சென்ற விண்ணப்பங்களைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணலாகாது. ஆய்வாளர்கள் அச்சமன்பாட்டின் விரிந்த வடிவத்தைக் கையாண்டனர். அதில் விளம்பரம் ஒரு படி. அதனுள் அடங்கிய விண்ணப்பம் மற்றொரு படி.

முடிவு 2007இல் வெளியாயிற்று. அழைக்கப்பட்டோருக்கும் அழைக்கப்படாதோருக்கும் உள்ள விகிதம், உயர்சாதிப் பெயருக்கு 1 எனக் கொண்டால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. கல்வி ஒன்றே, பெயர்தான் வேறு.

நாமே ஓர் ஆய்வு நடத்துவதாகக் கொள்வோம். 50 ஊர்களில், ஊருக்கு 20 பேராக 1,000 பேரிடம் கேட்கிறோம். ஓர் ஊராருக்குப் பள்ளியும் கூலியும் பெரும்பாலும் ஒன்றே. ஆதலின் அவர்கள் விடைகளும் ஓரளவு ஒத்திருக்கும். அந்த ஒப்புமையின் அளவு 0.05 மட்டுமே என்றாலும், முடிவின் மாறுபாடு 1 + (19 × 0.05), அதாவது 1.95 மடங்காகிறது. 1,000 பேரின் சான்று, தனித்தனியே தேர்ந்தெடுத்த ஏறத்தாழ 513 பேரின் சான்றுக்கே நிகராகிறது. லெஸ்லி கிஷ் 1965இல் வெளியிட்ட கூறெடுப்பு நூல் இத்தகைய கணக்குகளை விரித்துரைக்கிறது.

இதனை அறியாது கணக்கிட்டால், நம் குறை உண்மையாயினும் எதிர்வாதி ஒரே கேள்வியில் நம் சான்றை வீழ்த்திவிடுவார். அறிந்து கணக்கிட்டால் அது நிலைத்து நிற்கும்.

எனவே இளைஞர்களே! கணக்கை அஞ்சி ஒதுக்காதீர்கள். ஆய்வுக்குச் செல்லுமிடத்தில் ஊர், தெரு, பள்ளி ஆகியவற்றைத் தவறாது குறித்துக்கொள்ளுங்கள். நம் மக்களைப் பற்றிய எண்களைப் பிறரே எண்ணி எழுதிய காலம் நீண்டது. இனி நாமே எண்ணுவோம், பிழையற எண்ணுவோம்.