நாளந்தாவில் ஒரு காஞ்சியார்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற விடுமுறையில் நாங்கள் சில குடும்பத்தினர் நாளந்தா மகாவிகாரையைக் காணச் சென்றிருந்தோம். பக்தியார்பூரிலிருந்து ராஜ்கீர் செல்லும் கிளைப்பாதையில் நாளந்தா நிலையம் உள்ளது. வழிகாட்டி எங்களை அறை அறையாக அழைத்துச் சென்றார். நடுவே முற்றம், சுற்றிலும் பிக்குகள் தங்கிய சிற்றறைகள். 1915 முதல் 1937 வரை நடைபெற்ற அகழ்வில் இத்தகைய விகாரைகள் பதினொன்று வெளிப்பட்டனவாம்.

7ஆம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் இங்குப் பயின்றார். அவருடைய ஆசான் வங்க நாட்டுச் சீலபத்திரர். சீலபத்திரரின் ஆசானோ, காஞ்சியில் பிறந்த தருமபாலர்! இதனைக் கேட்ட நம் சிறுவர்களின் முகம் மலர்ந்தது.

அன்பர்களே, பெருமை பேசித் திரும்புதல் எளிது. தருமபாலர் காஞ்சியாரை மட்டுமே தம்மைச் சுற்றி அமர்த்திக்கொண்டிருப்பாராயின், வங்கத்து மாணாக்கர் அவருக்கு வாய்த்திருப்பாரோ? அம்மாணாக்கர் வழியே அவரது கல்வி சீனம் வரை சென்றிருக்குமோ?

நாம் பிழைப்பு நாடி வந்தவர்கள்தாம். ஆயினும், கொடுப்பதற்கு நம்மிடமும் தமிழ் உண்டு. நமது சங்கத்தின் மாலை வகுப்பில், அண்டை வீட்டுப் பிறமொழிக் குழந்தைக்கும் ஒரு பாய் விரிப்போமாக.