பயப்படாமல் சொன்னால்தான் பாதுகாப்பு
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



என்னை விமானத்தைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. விமானத்தில் ஏறினதும் கிடையாது. ஆனா என் நாத்தனார் மகள் கனடாவில் மேற்படிப்பு படிக்கிறாள். அங்கே மான்ட்ரியல் நகரத்தில், விமானப் பாதுகாப்புப் பிரிவில் ஆறு மாதம் பயிற்சியில் இருந்தாள். அவளோட முதல் வருஷ காலேஜ் பீஸ் நம்ம குழு உள்கடனில் கட்டினதுதான். அதனால அவள் கத்துக்கிட்டதில் நமக்கும் பங்கு உண்டு.

அவள் இருந்த இடத்தின் பெயர் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. சுருக்கமா ஐகாவோ. ஐக்கிய நாடுகள் சபையைச் சேர்ந்தது. 1944 டிசம்பர் 7-ஆம் தேதி சிகாகோவில் 52 நாடுகள் போட்ட ஒப்பந்தத்தில் பிறந்தது. இன்னைக்கு 193 நாடுகள் அதில் உறுப்பினர். அந்த அமைப்பு விமானம் ஓட்டுறதில்லை, டிக்கெட் விக்கிறதில்லை. எல்லா நாடும் எப்படிப் பாதுகாப்பா நடத்தணும்னு விதி வகுக்குது. அந்த விதிகள் 19 தொகுப்பா இருக்கு. நாடுகள் அதைச் சரியா கடைப்பிடிக்குதான்னு ஆள் அனுப்பிப் பார்க்குது. நம்ம கூட்டமைப்பு குழுக்களின் புத்தகங்களைப் பார்த்துத் தரம் போடுற மாதிரின்னு வெச்சுக்குங்க.

பயிற்சின்னா பெரிய நாற்காலி கிடையாது. தையல் கத்துக்க வர்ற பொண்ணு முதல்ல காஜா எடுத்து, பட்டன் கட்டுற மாதிரிதான். அறிக்கைகளைப் படிக்கணும், அட்டவணை போடணும், கூட்டத்துக்குக் குறிப்பு எழுதணும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது, "அத்தை, இன்னைக்கு இதைப் படிச்சேன்"னு சொல்லுவா. அப்படி அவள் சொன்ன ஒரு விஷயம் என் மனசை விட்டுப் போகலை.

1977 மார்ச் 27. ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான டெனரிஃப் தீவு. ஓடுபாதையில் மூடுபனி. ஒரு பெரிய விமானம் ஓடுபாதையிலேயே வந்துக்கிட்டு இருக்கு. இன்னொரு பெரிய விமானம் அனுமதி கிடைக்கும் முன்னாலேயே பறக்கக் கிளம்பிடுச்சு. கிளம்பின விமானத்தில் இருந்த பொறியாளருக்குச் சந்தேகம். அந்த விமானம் பாதையை விட்டுப் போயிடுச்சான்னு கேட்டார். தலைமை விமானி அனுபவசாலி, பெரிய பேர் உள்ளவர். போயிடுச்சுன்னு அடிச்சுச் சொல்லிட்டார். அதுக்கு மேல யாரும் அவரைத் தடுக்கலை. இரண்டும் மோதி 583 பேர் இறந்தாங்க.

அதுக்கப்புறம் இரண்டு மாற்றம் வந்துச்சு. பறக்கலாம்னு அனுமதி கொடுக்கும்போது சொல்ற வார்த்தையை, அனுமதி கொடுக்காத நேரத்தில் வேற பேச்சுக்குப் பயன்படுத்தக் கூடாதுன்னு ஆக்கினாங்க. சின்ன பதவியில் இருக்கிறவர் பெரியவரை நிறுத்திக் கேட்கணும், பெரியவர் அதைக் காது கொடுத்துக் கேட்கணும்னு பயிற்சி கொடுக்க ஆரம்பிச்சாங்க.

ஐகாவோவின் 13-ஆவது தொகுப்பு விபத்து விசாரணையைப் பற்றியது. விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுக்கிறது மட்டும்தான், யார் மேலயும் பழி போடுறது இல்லைன்னு அதில் இருக்கு. பழி விழும்னு தெரிஞ்சா யாரும் உண்மையைச் சொல்ல மாட்டாங்க. உண்மை தெரியாம விமானத்தைக் காப்பாத்த முடியாது.

இப்ப நம்ம விஷயத்துக்கு வர்றேன். எங்க பக்கத்தில் ஒரு குழு, பேர் வேண்டாம். அதில் ஒரு சகோதரியின் கறவை மாடு செத்துப் போச்சு. தவணை கட்ட வழியில்லை. கூட்டத்தில் சொன்னா நாலு பேர் முன்னாடி கேள்வி கேட்பாங்களேன்னு கந்து வட்டிக்கு வாங்கிக் கட்டினாங்க. குழுப் புத்தகத்தில் பாக்கியே இல்லை. அந்தக் குழுவுக்கு நல்ல பேரும் கிடைச்சுது. அவங்க தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போன பிறகுதான் எல்லாருக்கும் தெரிஞ்சுது. முதல் மாசமே சொல்லியிருந்தா தவணையைத் தள்ளி வெச்சிருக்கலாம். சொல்லாதது அவங்க தப்பா, சொல்ல முடியாதபடி கூட்டம் நடத்தினது நம்ம தப்பா? யோசிச்சுப் பாருங்க.

அதனால ஒரு கோரிக்கை வைக்கிறேன். மாதக் கூட்டத்தில் சந்தா வாங்கும் முன்னால ஐந்து நிமிடம் ஒதுக்குவோம். தவணைச் சிரமம், கணக்கில் புரியாதது, பாஸ் புத்தகத்தில் வித்தியாசம், எதுவானாலும் அப்போ சொல்லலாம். கேட்கிறவங்க "யார் செஞ்சது?"ன்னு ஆரம்பிக்காம, "என்ன நடந்துச்சு, இனி என்ன செய்யலாம்?"னு கேட்கட்டும். முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம். வேணும்னே பணத்தை எடுத்தவரை விட்டுடுங்கன்னு நான் சொல்லலை. விமானத் துறையிலும் அதுக்கு மன்னிப்பு இல்லை. தெரியாம நடந்ததையும், கஷ்டத்தில் நடந்ததையும் அதோட சேர்க்க வேண்டாம்னுதான் சொல்றேன்.

புதுசா சேர்ந்த தங்கைகளே, தலைவி படிச்சவங்க, அனுபவசாலின்னு பேசாம இருந்துடாதீங்க. சந்தேகம் வந்தா ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேளுங்க. தலைவி அக்காமார்களே, கேட்கிறவளை முறைக்காதீங்க. அவள் குழுவைக் காப்பாத்துறதுக்குத்தான் கேட்கிறாள்.

இந்தக் கோரிக்கையை அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாகக் கொண்டு வரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.