கண் காட்டும் குறி
(நம் சங்கத்தின் அம்பத்தூர்க் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் இலக்கியம் பேசும் வழக்கமுடைய யாம் இன்று நோயைக் குறித்துப் பேச எழுந்தமை சிலர்க்கு வியப்பாகலாம். யாம் மருத்துவரல்லேம், ஆயினும் சிறுவர்தம் கண்களை நாள்தோறும் நேர்முகமாக நோக்குந் தொழிலுடையேம்.

எம் வகுப்பில் ஒரு மாணவன், கரும்பலகையிலுள்ள எழுத்துத் தெரியவில்லை என்றான். அவன் கண்களுள் ஒன்று சிவந்திருந்தது. நம் பட்டணத்தின் பெயரையே தாங்கிய 'மெட்ராஸ் ஐ' என்று யாமும் எண்ணியிருந்தேம். பெற்றோர் மருந்துக்கடையிற் சொட்டு மருந்து வாங்கி விட்டனர்; சிவப்புத் தணிந்தது; பார்வையோ மேலும் மங்கிற்று. பின்னரே உண்மை வெளிப்பட்டது. அவன் முன்னமே இரத்தப் புற்றுநோய் கண்டு சிகிச்சையால் நலமெய்தியவன். அந்நோயே கண்வழி மீண்டு வந்துளது. முன்னை நோயைப் பெற்றோர் எமக்கும் உரைத்திலர். முதலிற் பார்த்த கண் மருத்துவர்க்கும் உரைத்திலர். காரணம் யாதெனின், அவனுக்கு மணப்பருவத்துத் தமக்கை ஒருத்தி உண்டு. மறு சிகிச்சையால் மாணவன் பிழைத்தான். ஒரு கண்ணின் ஒளி முற்றும் திரும்பவில்லை.

இரத்தப் புற்றுநோயாவது, எலும்பு மச்சையில் உண்டாகும் வெள்ளணுக்கள் முறைகெட்டுப் பெருகுதலாம். 1847-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேயத்து விர்க்கோ என்பார் 'வெண்குருதி' எனப் பொருள்படும் பெயரை இதற்கு இட்டார். சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் ஆய்வுக்குழுவினர் ஆக்கிய அமினோப்டெரின் என்னும் மருந்தைக் கொண்டு, பாஸ்டன் நகரத்து டாக்டர் சிட்னி பார்பர், சிறுவரிடத்து இந்நோய் சில காலம் தணிதலை 1948-இல் உலகுக்குக் காட்டினார். இன்றோ மேனாடுகளில் சிறுவர்க்கு மிகுதியாக வரும் வகையில் நூற்றுக்கு 90 பேர் அளவில் பிழைக்கின்றனர்.

எனினும் ஓர் இடர் உண்டு. மூளைக்கும் கண்ணுக்கும் செல்லும் நுண்குழாய்கள் பிற பொருள்களை எளிதில் உட்புகவிடா. இஃது இயற்கை அமைத்த காவல். அக்காவலே மருந்தையும் தடுத்துவிடுகின்றது. குருதியில் அழிந்த நோயணுக்கள் சில அவ்விடங்களிற் பதுங்கியிருந்து, பின்னர்த் தலைகாட்டும். இது கருதியே 1960-களில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகர மருத்துவர் முதுகுத்தண்டின் நீரில் மருந்தைச் செலுத்தியும், தலைக்குக் கதிர்ச் சிகிச்சை அளித்தும் வெற்றி கண்டனர். பார்வை நரம்பு மூளையின் நீட்சியே. மூளையைப் போர்த்த உறையே அதனையும் போர்த்துளது. ஆதலின் இரத்தப் பரிசோதனையிற் குறையொன்றும் இல்லாதபோதே கண்ணில் நோய் தோன்றுதலும் உண்டு.

அதன் குறிகள் இவை: வலியின்றியும் கண் சிவத்தல், கருவிழியின் கீழ்ப்பாகத்திற் பிறைபோல் வெண்மை படிதல், திடீரெனப் பார்வை மங்கல், ஒன்று இரண்டாகத் தெரிதல், இமை தொங்கல், விழி முன் பிதுங்கல். இவையெல்லாம் மீட்சியே எனக் கலங்கற்க. குருதிக் குறைவாலும், வேறு கிருமிகளாலும், உட்கொண்ட மருந்தாலும் இவை நேரும். கண்வழி மீட்சி அரிதே. ஆனால் எதுவென்று துணிதற்குரியவர் மருத்துவரேயன்றி நாமல்லோம். கடைச் சொட்டு மருந்துகளிற் சில சிவப்பை மட்டும் அடக்கி நோயை மறைத்துவிடும். பார்வை நரம்பில் நோய் புகுந்தால் நாட்கணக்கிற் பார்வை போய்விடும். விரைந்து அறிந்தால் கதிரும் மருந்தும் கொண்டு காத்தல் கூடும்.

ஆவடியிலும் அம்பத்தூரிலும் ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்குவார்க்கு, 1819-இல் தொடங்கிய எழும்பூர்க் கண் மருத்துவமனை அண்மையதே. பூந்தமல்லியார்க்கும் அது சேய்த்தன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் 1954-இல் நிறுவிய அடையாறு புற்றுநோய் நிலையமும் நமக்குண்டு. முன்பு சிகிச்சையளித்த மருத்துவரிடம் கண்ணின் மாற்றத்தைச் சொல்லுக. கண் மருத்துவரிடம் பழைய நோயைச் சொல்லுக. இவ்விரண்டு சொற்களே வேண்டுவன.

அச்சொற்களைத் தடுப்பது எது? வள்ளுவனார் 'மருந்து' அதிகாரத்தில் மருத்துவத்தை நான்காகப் பகுத்து, நோயாளியையும் அவனருகிருந்து பேணுவோனையும் அவற்றுள் வைத்தார். பேணுவோன் வாய்மூடினால் மருத்துவம் முடமாகுமன்றோ? இந்நோய் தொற்றுவதன்று, பெரும்பாலும் வழிவழி வருவதுமன்று. அங்ஙனமிருக்க, ஒரு வீட்டில் இந்நோய் என்று கேட்டால் அவ்வீட்டுப் பெண்ணைக் கொள்ளத் தயங்குவோர் யாவர்? அயலார் அல்லர், நாமே. அம்மாணவனின் பெற்றோரை வாய்மூடச் செய்தது நம் ஏச்சுக்கு அஞ்சிய அச்சமே.

ஆதலின், சம்பந்தம் பேசும்போது இந்நோயைக் குறையாகக் கொள்ளோம் என்று இன்று இச்சபையில் உறுதி கொள்வோமாக. அவ்வுறுதியால் ஒரு சிறுவனது கண்ணொளியேனும் காக்கப்படுமாயின், நம் சங்கம் கூடிய பயன் அதுவே ஆகும்.