பொன்னாடை போதுமா?

(பங்கின் பொன்விழா ஆண்டில், நவம்பர் 11 அன்று, நமது முதியோர் இல்லத்தில் வாழும் முன்னாள் படைவீரர்களுக்கு எடுக்கப்பட்ட பாராட்டு விழாவில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நாட்டின் எல்லையைக் காத்தவர்கள் இன்று கைத்தடி ஊன்றி நம் முன்னே அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கும், படைவீரர்களின் கைம்பெண்களாகிய தாய்மார்களுக்கும் பொன்னாடை போர்த்தி மகிழ்ந்தோம். விழாக் குழுவினருக்கு நன்றி. ஆனால் பொன்னாடையோடு நம் கடமை முடிந்துவிட்டதா?

விழாவுக்கு நாம் தேர்ந்துகொண்ட நாள் மிகப் பொருத்தமானது. இன்று தூர் நகர ஆயர் புனித மார்ட்டினின் திருநாள். அவர் முதலில் உரோமைப் படையின் வீரர். அமியேன் நகர வாயிலில் குளிரில் நடுங்கிய ஏழை ஒருவருக்குத் தம் போர்வையை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்று அவர் வரலாறு சொல்கிறது. அவர் அடக்கம் செய்யப்பட்டது 397-ஆம் ஆண்டு நவம்பர் 11 அன்று. 1918-இல் முதல் உலகப் போர் ஓய்ந்ததும் இதே நாளில்தான். மார்ட்டின் கொடுத்தது விழா ஆடை அன்று. குளிருக்கு வேண்டிய துணி. தேவையறிந்து கொடுப்பதே உண்மையான மரியாதை.

நம் வீரர்களின் தேவையை நாம் அறிந்திருக்கிறோமா? மற்ற அரசு ஊழியர்கள் அறுபது வயதையொட்டி ஓய்வு பெறுகிறார்கள். சிப்பாய்களில் பெரும்பாலோர் நாற்பது வயதுக்கு முன்பே ஊர் திரும்பிவிடுகிறார்கள். அப்போது பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருப்பார்கள். வீட்டுக் கடன் பாக்கி இருக்கும். ஆகவே வங்கி வாசலிலும் ஆலை வாசலிலும் காவலாளியாக இன்னொரு இருபது ஆண்டு நின்றவர்கள் பலர். 15 ஆண்டுப் பணி நிறைவடையுமுன் வெளிவந்தவர்களுக்குப் பொதுவாகப் பணி ஓய்வூதியமும் கிடையாது.

1971 டிசம்பரில் கங்காசாகரில் உயிரீந்து பரம்வீர் சக்கரம் பெற்ற ஆல்பர்ட் எக்காவின் பெயரை நாடு அறியும். படையில் சோறு வடித்தவர், பனிமலைப் பாதையில் லாரி ஓட்டியவர், தொலைபேசிக் கம்பி இழுத்தவர், காயம்பட்டவரைத் தோளில் சுமந்தவர் ஆகியோரின் பெயர் எந்தப் பாடநூலிலும் இல்லை. அவர்கள் இல்லாமல் எந்தப் போர்முனையும் ஒருநாள்கூடத் தாங்காது.

சிறுவர்களுக்கு ஒரு சொல். இங்குள்ள தாத்தாக்களிடம் "எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" என்று கேட்காதீர்கள். அருகில் விழுந்த நண்பனின் முகத்தை ஐம்பது ஆண்டுகளாகச் சுமப்பவர்களும் உண்டு. அவர்கள் மௌனமாக இருந்தால் அந்த மௌனத்தை மதியுங்கள். அவர்களாகப் பேச விரும்பினால் பொறுமையோடு உட்கார்ந்து கேளுங்கள்.

நாம் போரைப் போற்றவில்லை. 1965 செப்டம்பரில் இந்திய-பாகிஸ்தான் போர் நின்ற சில நாள்களில், அக்டோபர் 4 அன்று, ஐக்கிய நாடுகள் அவையில் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் போர் இனி வேண்டாம் என்று உலகை மன்றாடினார். போரின் விலையை நேரில் கண்டவர்களுக்கு அந்த மன்றாட்டு நம்மைவிட நன்றாகப் புரியும்.

எனவே மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, ஓய்வூதியர் ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று அளிக்க வேண்டும். பெரும்பாலோர்க்கு அது இந்த நவம்பர் மாதத்தில்தான். 2014 முதல் கைரேகை வைத்து மின்னணு முறையிலும் அளிக்கலாம். ஆனால் உழைத்துத் தேய்ந்த விரல்களை இயந்திரம் பல வேளைகளில் ஏற்பதில்லை. இளைஞர்களே, இந்த வாரமே வந்து அவர்களுக்கு உதவுங்கள்.

இரண்டாவது, முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம் 2003 முதல் நடைமுறையில் உள்ளது. அட்டை இருந்தும், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஆளில்லாமல் மாத்திரை வாங்காமலிருப்பது நம் பங்குக்கு அழகன்று. அன்பியங்கள் முறைவைத்துத் துணைக்குச் செல்லட்டும். கைம்பெண்களின் குடும்ப ஓய்வூதியத் தாள்களையும், படிக்கத் தெரிந்தவர்கள் எடுத்துப் பார்த்து உதவட்டும்.

மூன்றாவது, 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாளாக அனுசரிக்கப்படுகிறது. அன்று உண்டியலில் காசு போடுங்கள்; அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அரைமணி நேரம் இந்த இல்லத்துக்கும் வாருங்கள்.

இவர்களுள் ஒருவர் இறைவனடி சேரும்போது, பெற்ற பிள்ளை வெளியூரில் இருந்தாலும், கல்லறை வரை பங்கு முழுவதும் உடன் நடக்க வேண்டும். அதுவே இந்தப் பொன்விழாவில் நாம் எடுக்கும் உறுதியாகட்டும்.

நம் வீரர்களுக்கு அமைதியான அந்திக்காலத்தை இறைவன் அருள்வாராக!